இடது பக்கம் இரண்டு தட்டு

"அக்கா, சொட்டுத் தண்ணி வர்ல!"

கொல்லையில் சேலைகளைக் கட்டி மறைத்திருந்த இடத்திலிருந்து ஜாவீத் கத்தினான். உள்ளே பலகையில் அவர்களைப் பெற்ற அத்தா கிடந்தார். பாப்பாரப்பட்டியில் நாற்பது வருஷம் மளிகைக் கடை வைத்திருந்த காசிம் பாய் விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். மதிய லுஹர் தொழுகைக்கு முன்னால் குளிப்பாட்டிப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோயாக வேண்டும்.

வீட்டுக்குள்ளிருந்த அக்கா உமைரா எழுந்தாள். ஊர்க் குழாயில் இன்றைக்கு முறையில்லை. மோட்டாரோ அரை மணி நேரமாக ஓடுகிறது. அத்தனை தண்ணீரும் எங்கே போகிறது? கழிப்பறையிலிருந்து தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டு ஃப்ளஷ் டேங்க் அப்படி. அமுக்கினால் தண்ணீர் நிற்காது. இடது பக்கம் இரண்டு தட்டு தட்டினால்தான் உள்ளே ரப்பர் மூடி ஒழுங்காக உட்காரும். வீட்டு ஆட்களுக்குக் கை தானாகத் தட்டிவிடும். விருந்தாளிகளுக்கு? அதற்குத்தான் அத்தா இருந்தார். யார் உள்ளே போனாலும் வெளியே நின்று, "ரெண்டு தட்டு தட்டிட்டு வாங்க" என்பார். உமைராவைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மாவிடமே சொல்லிவிட்டார், அந்த மனுஷன்! மானம் போயிற்றென்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை அவள். அவரோ, "தட்டத் தெரிஞ்ச மாமியாராப் பாத்துதான் குடுக்கறேன் கண்ணு" என்று சிரித்தார். போன ரம்ஜானுக்குப் புது டேங்காகவே ஒன்று வாங்கி வந்தாள். "இதுக்கென்ன கொறச்சல்?" என்று பரண்மேல் ஏற்றிவிட்டார்.

இன்று காலையிலிருந்து வந்துபோன சனத்துக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

ஓடிப்போய்த் தட்டினாள். இரண்டு தட்டு, நான்கு தட்டு. ம்ஹூம். டேங்க் மூடியைத் தூக்கினால், உள்ளே ரப்பர் கிழிந்து சுருண்டு கிடந்தது. வெளியே தண்ணீரை அடைக்கும் திருகு துருவேறி இறுகி வருஷக்கணக்காகிறது. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கையை உள்ளே விட்டு ரப்பரை அழுத்தினாள். சத்தம் அடங்கியது.

"ஜாவீத், நான் புடிச்சிக்கிட்டு இருக்கேன். இப்ப வரும் பாரு!"

பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் எட்டிப் பார்த்தாள். "நான் புடிக்கிறேன் கண்ணு. நீ போயி அம்மாகிட்ட ஒக்காரு."

"வேணாங்க. நானே புடிச்சிக்கிறேன்."

ஆண் மய்யித்தை ஆண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். மகளே ஆனாலும் அந்தச் சேலை மறைப்புக்குள் அவள் போக முடியாது. ஒரு சொம்பு ஊற்றக்கூடக் கொடுத்துவைக்கவில்லையே என்பதுதான் காலையிலிருந்து அவள் நினைப்பு.

சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் முதலில் செருமியது. பிறகு வாளியில் தண்ணீர் விழுந்தது.

"மெல்ல ஊத்துங்க மாமா, அத்தா காதுல போவுது" என்றான் ஜாவீத்.

சொம்பு சொம்பாக ஊற்றுவது கேட்டது. கற்பூரம் கலந்த கடைசித் தண்ணீரின் வாசனையும் வந்தது.

"முடிஞ்சிருச்சுக்கா" என்றான் ஜாவீத். "போதும், கைய எடுத்துக்க."

கை மரத்துப்போயிருந்தது. உமைரா இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.