கொஞ்ச தூரம்தானே

இந்தக் காலத்து மனுஷனுக்குக் கை இருப்பதே செல்போன் பிடிக்கத்தான் என்பது பெரியவரின் முடிவான முடிவு. அதற்குச் சாட்சியும் அன்றைக்குக் கண்முன்னே நின்றது. சந்தின் நடுவில் அவருடைய மருமகளின் கார் ஒரு கால் மடங்கி உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டு சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் மாடியில் நின்று அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் சரக்கு வேன்காரன் ஹாரனிலிருந்து கையை எடுப்பதாக இல்லை.

"விழுந்தா தூக்க ஒருத்தனும் வரமாட்டான். வேடிக்கைன்னா மட்டும் வரிசைகட்டி வருவான்" என்று பெரியவர் மாடிக்குக் கேட்கும்படியே சொன்னார்.

சாயங்கால ஷிப்டுக்குக் கிளம்பிய மருமகள், விரிசல் விட்ட சாக்கடை மூடியின் மேல் காரை ஏற்றிவிட்டாள். மூடி உள்ளே போனது, முன்சக்கரமும் கூடவே இறங்கியது. முட்டிமோதி வெளியே வந்தபோது சக்கரத்தைத் தாங்குகிற மூட்டு கழன்று, சக்கரம் கோணலாகச் சாய்ந்துவிட்டது. மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோனால் ஒர்க்ஷாப் லாரியில் ஏற்றிக்கொள்வார்கள். லாரி சந்துக்குள் நுழையாது. மெயின் ரோடு கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். ஆனால் நடுவில் பள்ளிக்கூட வாசல் இருக்கிறது. அங்கேதான் ரோடும் சரிகிறது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வேறு.

பெரியவர் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். வழியில் ஸ்பிரிங் பட்டை உடைந்தால் அச்சுக்கு மேலே மரக்கட்டையைச் செருகி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, சரக்கோடு ஊர் வந்து சேர்ந்தவர். வீட்டுக்குள் போய் அந்தப் பழைய கட்டையையே தூக்கிக்கொண்டு வந்தார்.

"சாவியைக் குடு. இதைச் செருகிட்டு மெதுவா உருட்டிட்டுப் போயிடுறேன். கொஞ்ச தூரம்தானே."

"பெரியவர் சொல்றதைக் கேளுங்கக்கா. எனக்குச் சரக்கு இறக்கணும்" என்றான் வேன்காரன்.

மருமகள் சாவியைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். அவள் ஆஸ்பத்திரியில் விபத்து வார்டு நர்ஸ். காரைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் முதல் வேலையாக மெக்கானிக்குக்குப் படம் அனுப்பிக் கேட்டிருந்தாள்.

"இது லாரி இல்ல மாமா. கட்டைக்கு இங்க வேலை இல்லையாம். கீழ பாருங்க, சொட்டுது. பிரேக் குழாயும் கிழிஞ்சிருக்காம். அந்தச் சரிவுல எப்படி நிறுத்துவீங்க?"

"நாங்க பிரேக் இல்லாமலே மலை இறங்கியிருக்கோம்."

"இறங்க முடியாம போனவங்க வந்து கதை சொல்ல மாட்டாங்களே மாமா."

வேன்காரன் சிரித்துவிட்டான். பெரியவர் முறைத்ததும் ஹாரனைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

கொஞ்ச நேரத்தில் மெக்கானிக்கே வண்டியைத் தூக்கும் ஜாக்கியும் சின்னச் சக்கரங்கள் வைத்த ஒரு பலகையும் கொண்டுவந்தார். காரைத் தூக்கி, கோணல் சக்கரத்தைப் பலகையில் உட்காரவைத்து, பட்டையால் இறுக்கினார். அடியில் ஒருவரும் கை நீட்டக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். தள்ளலாம் என்று எல்லோரும் கையை வைத்தபோது மருமகள் தடுத்தாள்.

"பள்ளிக்கூடத்துலேருந்து கடைசிப் பிள்ளையும் வீட்டுக்குப் போகட்டும். அப்புறம் தள்ளலாம்."

திட்டுவான் என்று எதிர்பார்த்த வேன்காரன், சரக்குக் கட்டுகிற கயிற்றை அவிழ்த்துக்கொண்டு இறங்கினான். "பின்னாடி கட்டிப் பிடிச்சுக்கறேன்க்கா. சரிவுல ஓடாது." சோடாபுட்டியும் மாடியிலிருந்து இறங்கி, செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, பிள்ளைகளைக் கார்ப்பக்கம் வராமல் ஒதுக்கி அனுப்பிக்கொண்டிருந்தார். பெரியவர் அதை ஓரக்கண்ணால் பார்த்தார். நம்பவில்லை.

"மாமா, கட்டையோட பின்சக்கரத்துக்குப் பக்கத்துலயே வாங்க. நான் சொன்னதும் அதுக்கு முன்னால கட்டையைப் போடணும். உங்களை நம்பித்தான் உள்ள உட்கார்றேன்" என்று சொல்லிவிட்டு மருமகள் பழுதாகாத கைபிரேக்கைப் பிடித்து உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூடம் காலியானதும் கார் ஆமையாக நகர்ந்தது. பள்ளிக்கூட வாசலில் சரிவு தொடங்கியதும் கயிறு விறைத்தது. பலகை ஒரு குழியில் இடித்தது. படாரென்று ஒரு சத்தம். மூட்டில் தொங்கிக்கொண்டிருந்த மிச்சமும் முறிந்து, சக்கரம் பலகையின் மேலேயே மல்லாந்து விழுந்தது. கார் முன்னே சாய்ந்தது.

"போடுங்க மாமா."

கைபிரேக்கும் கட்டையும் ஒன்றாக விழுந்தன. கார் நின்றது.

வாசலில் ஒரு பிள்ளை விட்டுப்போன தண்ணீர் பாட்டில் கிடந்தது. வேன்காரன் அதைப் பார்த்துவிட்டுக் கயிற்றை இன்னும் ஒரு சுற்று கையில் சுற்றிக்கொண்டான். "ஹாரன் அடிச்சு உங்களைக் கிளப்பியிருந்தேன்னா..." என்றவன் முடிக்கவில்லை.

மருமகள் இறங்கினாள். "எங்க வார்டுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு 'இதோ பக்கத்துலதான்'னு கிளம்பினவங்க. தூரம் கொஞ்சம்னா ஆபத்தும் கொஞ்சம்னு நினைக்கிறோம். உடைஞ்ச வண்டிக்கு ஒரு அடியும் தூரம்தான். தெரியலன்னா கேட்கணும், முடியலன்னா காத்திருக்கணும். அவ்வளவுதான்."

மறுபடி தூக்கிக் கட்டி, மெயின் ரோட்டில் காரை லாரியில் ஏற்றினார்கள்.

பெரியவர் கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். மருமகள் கெட்டிக்காரிதான். அதை அவளிடம் சொல்வதாக இல்லை.

"என் கட்டை நிறுத்திச்சு" என்று மட்டும் சொன்னார்.

"ஆமா மாமா. அதுக்குச் சரியான இடம் அதுதான்."

திரும்பி வருகிற வழியில் சோடாபுட்டியும் வேன்காரனும் சாக்கடைக் குழியைச் சுற்றிக் கல் அடுக்கி, குச்சியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஒரு நிமிஷம் நின்றார். சாய்ந்திருந்த ஒரு கல்லைக் காலால் நேராக்கினார்.

"இன்னைக்குக் கட்டுவானுங்க. நாளைக்கு இதுமேலயே வண்டியை ஏத்துவானுங்க" என்று முனகிக்கொண்டே நடையைக் கட்டினார்.