கானாவும் சானாவும்

என் நாத்தனாரும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் கீழே, நானும் என் கணவரும் மாடியில். தரை கழுவும் திரவம் தயாரிக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. அந்த ஆலைக்குத்தான் நான் எழுத்து வரைந்து கொடுத்தேன். "இரும்பை வெட்டின மாதிரி இருக்கணும்மா. இன்னும் அம்பது வருஷம் கழிச்சு வரப்போற மாதிரி இருக்கணும்" என்றார் மேனேஜர். தமிழ் எழுத்தின் வளைவையெல்லாம் நிமிர்த்தி, தடித்த கட்டமும் கூர்மூலையுமாக ஆக்கினேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், விளம்பரத்துக்கென்று வரைந்ததை ஆலைக்குள் இருக்கும் கேன்களிலும் ஒட்டவைத்தார்.

மூன்றாம் வாரம், சாரம் என்று நினைத்துக் காரத்தைக் கலவைத் தொட்டியில் ஊற்றிவிட்டாள் நாத்தனார். சாரம் வாசனைக்கு, காரம் தோலை அரிப்பது. தெறித்ததில் அவள் முன்கை வெந்துபோனது. தொட்டி முழுக்க வீண். கவனக்குறைவு என்று மெமோ கொடுத்தார்கள்.

கட்டுப்போட்ட கையோடு நேரே மாடிக்கு வந்தாள். இரண்டு லேபிளை என் மேசையில் அறைந்தாள்.

"இதுல எது கானா, எது சானா?"

"இது கானா, அது சானா. பார்த்தாலே தெரியுதே."

"வரைஞ்சவங்களுக்குத் தெரியும். பத்தடி தள்ளி, ஆவிக்கு நடுவுல நின்னு பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன்.

"கோணல்தானே அண்ணி? கோணலா இருக்கணும்னுதானே மாசக்கணக்கா உக்காந்து வரைஞ்சீங்க?"

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஆறு லேபிள்களை ஜன்னலோரம் நிறுத்தி, அறையின் மறுகோடியிலிருந்து படிக்கச் சொன்னார். தடுமாறாமல் படித்தேன். "படிக்கத் தெரிஞ்சவங்களுக்குக் குழப்பமே வராது சார்" என்று வேறு சொல்லிவைத்தேன். நாத்தனார் என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு மேனேஜரும் படித்தார். இரண்டைத் தப்பாகச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "பவர் மாத்தணும்போல" என்றார். மெமோவைத் திரும்பப் பெறவில்லை.

அன்று மாலையே கானாவின் வலப்பக்கக் கொக்கியைக் கொஞ்சம் வளையவிட்டு, திருத்தியதை அச்சகத்துக்கு அனுப்பினேன். இன்னொருவர் கை வெந்துவிடுமோ என்று பயம். யாரிடமும் அதைச் சொல்லவில்லை, அதுவும் பயம்தான்.

புது லேபிளோடு கேன் வந்த அன்றே அவள் கண்டுபிடித்துவிட்டாள். மாடிக்கு ஏறாமல் கீழே நின்றே கத்தினாள்.

"அப்போ தப்புன்னு தெரிஞ்சிருக்கு! தெரிஞ்சுக்கிட்டே என்னைப் படிக்கத் தெரியாதவன்னு சபையில சொல்லியிருக்கீங்க!"

என் கணவர் பாதிப் படியில் நின்று, "விடும்மா, வீட்டு விஷயம்" என்றார்.

"வெந்தது என் கைண்ணே. வீடு இல்ல."

மறுநாள் பழைய லேபிளையும் புதியதையும் மேனேஜர் முன் வைத்தாள். மெமோ ரத்தானது. ஆலையின் அடுத்த எழுத்து வேலை வேறொருவருக்குப் போனது.

இரண்டு வாரம் பொறுத்து, மன்னிப்புக் கேட்கலாமென்று கீழே இறங்கினேன். கதவைத் திறந்தவள், "அண்ணன் மேலதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டாள்.