ஆடியில் காற்றில்லை

வைகுண்டராஜன் யாரையாவது மட்டமாக நினைத்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான். எதிரில் நிற்பவனைத் தெளிவாகப் பார்ப்பதே வீண் என்று அதற்கு அர்த்தம். வகுப்பு நடக்கும்போது அந்தக் கண்ணாடி அவன் மூக்கில் இருந்ததைவிடக் கைக்குட்டையில் இருந்த நேரம்தான் அதிகம்.

'விஷன் டேட்டா அகாடமி' கோட்டாறில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே இருந்தது. படியேறினால் முதலில் ஒரு ஃபிளெக்ஸ். வேலை கிடைத்துப் போன பழைய மாணவர்கள் தபால்தலை அளவில் ஓரத்தில் வரிசை கட்ட, நடுவில் ஆளுயரத்துக்கு வைகுண்டராஜன். கோட்டு, கட்டிய கை, புன்சிரிப்பு. டாஷ்போர்டு செய்வது எப்படி, அதைப் பற்றி இண்டர்வியூவில் கேட்டால் சமாளிப்பது எப்படி, இரண்டும் அங்கே கற்றுத் தரப்படும். மாணவர்கள் செய்யும் ஒவ்வொரு டாஷ்போர்டின் கீழ் மூலையிலும் அதே கோட்டுப் படம் சின்னதாக இருக்க வேண்டும். பக்கத்தில் 'வழிகாட்டி: வைகுண்டராஜன்'. முதல் பேட்ச்சிலிருந்து அதுதான் சட்டம்.

"ஏலே மரியஜான், எந்திரி. டாஷ்போர்டுன்னா என்ன?"

குளச்சல்காரன் மரியஜான் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டான். "டாஷ்போர்டு என்பது ஒரு நிறுவனத்தின் முக்கியமான தகவல்களை ஒரே திரையில் ஒரே பார்வையில்..."

"கண்ணைத் தொறந்து சொல்லுல. ஜெபம் பண்ணுகியா?"

வகுப்பு சிரித்தது. மரியஜானும் கூடச் சேர்ந்து சிரித்தான். அவன் அப்படித்தான்.

"செரி. பை சார்ட்டை எப்பம் போடணும்?"

"வட்டமா வேணும்னு கேட்டாவன்னா போடணும் சார்."

கண்ணாடி கழன்றது.

இதுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வைகுண்டராஜன் தினமும் நினைப்பான். பெங்களூரில் கண்ணாடிக் கட்டடத்தில், ஏழாவது மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் அவன். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது முதல் பட்டியலிலேயே அவன் பெயர் வந்தது. ஊரில் வந்து, "நம்ம பிள்ளையளுக்கு நாலு நல்லது செய்யலாம்னு வேலையை விட்டுட்டேன்" என்றான். நாலு நல்லது செய்யச் செய்ய அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிலை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் இந்த மண்டைகளுக்கு நடுவே ஆயுசு போய்விடுமோ என்ற பயம் வேறு.

அப்போதுதான் அந்த வேலை வந்தது.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளை நடத்தும் ஒரு கம்பெனி. டேட்டாவைப் பார்த்து டாஷ்போர்டு செய்ய ஒரு ஆள் தேவை. ஒரே ஒரு ஆள். சம்பளம் பெங்களூர்க் கணக்கு. விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கம்பெனி ஒரு ஃபைல் அனுப்பியது. ஒரு காற்றாலைக் கோபுரத்தில் போன வருஷம் தினமும் பதிவான காற்றின் வேகம். இதை வைத்து ஒரு டாஷ்போர்டு செய்து, இண்டர்வியூவுக்கு வந்து விளக்க வேண்டும்.

அகாடமியில் மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். மரியஜான், சுதன், அப்புறம் கோட்டாறு இர்ஷாதா. நாலாவதாக இன்னொருவரும் விண்ணப்பித்திருந்தார். அது வகுப்பில் யாருக்கும் தெரியாது.

நாலாவது ஆள், கண்ணாடி போட்டிருந்தார்.

*

ஃபைலைத் திறந்ததுமே வைகுண்டராஜன் பொறியைக் கண்டுபிடித்துவிட்டான். அந்த அளவுக்கு அவனுக்கு நியாயமாகவே திறமை உண்டு.

ஆடி மாதத்துக் கட்டங்கள் முழுக்கக் காலி. காற்றை அளக்கும் கருவி அந்த மாதம் பழுதாகிக் கிடந்திருக்க வேண்டும். கட்டம் காலி என்றால் 'எவ்வளவு என்று தெரியாது' என்று பொருள். அதில் பூஜ்யம் போட்டால் 'காற்றே இல்லை' என்று பொருளாகிவிடும். காலியைக் காலியாகவே விட்டு, கருவி வேலை செய்யவில்லை என்று ஒரு வரி எழுதுபவன் உருப்படியான ஆள். பூஜ்யம் போடுகிறவன் வீட்டுக்குப் போகலாம்.

அவன் தன் டாஷ்போர்டில் காலியாகவே விட்டான். அந்த ஒரு வரியையும் எழுதினான்.

மறுநாள் வகுப்பில் வந்து, "எல்லாரும் கேளுங்க. காலிக் கட்டத்துக்கெல்லாம் ஸீரோ போட்டு நெரப்பிருங்க. ஓட்டை ஒடைசலா இருந்தா இண்டர்வியூவில அசிங்கமாக்கும்" என்றான்.

மூன்று பேரும் பூஜ்யம் போட்டார்கள். மூன்று திரைகளிலும் பட்டைகள் எழும்பி வந்து, ஆடியில் தரையோடு தரையாகப் படுத்தன.

மரியஜான் அழகு பார்த்தான். சுதன் பட்டைகளுக்குப் பச்சை வர்ணம் கொடுத்தான். இர்ஷாதா மட்டும் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"சார், ஆடியில காத்தே இல்லேன்னு வருகே?"

"வந்தா வரட்டும்."

"ஆரல்வாய்மொழியிலயா சார்? நான் திருநெல்வேலி காலேஜுக்குப் போய்ட்டு வந்த ஆளு. ஆடியில அந்தக் கணவாய்கிட்ட வரும்போ ஜன்னலோரம் இருக்க முடியாது. பஸ்ஸே கெடந்து ஆடும்."

கண்ணாடி கழன்றது. கைக்குட்டை வந்தது.

"ஏட்டி, உன் ஷால் பறந்ததெல்லாம் டேட்டா ஆகாது. இண்டர்வியூவில போய் பஸ் கதை சொல்லப் போறியா? கம்ப்யூட்டர் என்ன சொல்லுகோ அதைச் சொல்லு."

"கம்ப்யூட்டர் எங்க சார் சொல்லிச்சு? நாமல்லா ஸீரோ போட்டோம்."



"இவ்வளவு தெரிஞ்சவ இங்க எதுக்கு வந்தே? நேரா அவன் கம்பெனிக்கே போய் மேனேஜரா உக்காரு." வைகுண்டராஜன் பல்லைக் காட்டினான். "மக்களே, எல்லாரும் இர்ஷாதா மேனேஜருக்கு ஒரு வணக்கம் வையுங்க."

சுதன் எழுந்து சலாம் போட்டான். சிரிப்பு. இர்ஷாதா உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடங்கிவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அவன் தன் அறைக் கண்ணாடிமுன் தினமும் பயிற்சி எடுத்தான். 'பலரும் இந்த இடத்தில் பூஜ்யம் போடுவார்கள், மேடம்.' இங்கே ஒரு சின்ன இடைவெளி. இரக்கப்படுவதுபோல ஒரு சிரிப்பு. 'நான் அதைச் செய்வதில்லை.' தனக்கு முன்னால் மூன்று முட்டாள்கள் போய் மூன்று பூஜ்யங்களைக் காட்டிவிட்டு வந்திருப்பார்கள். அந்தக் கறுப்புத் துணிமேல் தன் வைரம் எப்படி மின்னும்! அந்தச் சிரிப்பு கச்சிதமாகப் படியும்வரை விடவில்லை.

*

இண்டர்வியூ நாள் ஆடியில்தான் வந்தது.

ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காற்று அவன் கோட்டைப் பிடித்து இழுத்தது. மலையடிவாரம் முழுக்க வெள்ளை இறக்கைகள் அசுர வேகத்தில் சுழன்றன. பிள்ளைகளுக்குக் காலை நேரம். அவனுக்கு மதியத்துக்கு மேல். அவர்கள் கிளம்பியபிறகு போய்ச் சேர்ந்தால் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் வந்தான். ஆனால் காலையில் கரண்ட் போய், இண்டர்வியூ தாமதமாகியிருந்தது.

கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தால், ஹாலில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"சார்!" மரியஜான் துள்ளி எழுந்தான். "எங்களுக்காவ வந்தியளா?"

வைகுண்டராஜன் ஃபைலைக் கோட்டுக்குள் செருகினான். "பின்னே? நம்ம பிள்ளையள விட்டுருவேனா?"

மரியஜானுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாலே சுதா, இவருல்லா சார்!"

இர்ஷாதா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "கோட்டெல்லாம் போட்டிருக்கியளே சார்."

"காத்துக்கு."

"ஓ. ஆடியில இங்க காத்து உண்டும், இல்லியா சார்?"

அவன் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

சுதன் உள்ளே போனான். போன வேகத்தில் வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. "கேள்வி ஒண்ணும் சரியாக் கேக்கல சார். அந்த மேடம் படத்தைத்தான் பாத்துட்டே இருந்தாவ. கீழ இருக்கது யாருன்னு கேட்டாவ."

"எந்தப் படம்?"

"உங்க படம்தான் சார். வழிகாட்டி."

வைகுண்டராஜனின் கை கைக்குட்டையில் நின்றது.

இத்தனை நாளாகப் பொறியைச் செதுக்கிச் செதுக்கி வைத்தவன், அதன் மூலையில் தன் முகத்தையும் ஒட்டி அனுப்பியிருக்கிறான். மூன்று பிரதி. கோட்டோடு. அந்தச் சட்டம் அவனுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்ததால், அது அங்கே இருப்பதே மறந்துபோய்விட்டது.

"மரியஜான், நில்லுல. அந்தப் படத்தை..."

மரியஜான் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போயிருந்தான்.

வெளியே வந்தபோது அவன் முகம் பெருநாள் மாதிரி இருந்தது. "சார், என்கிட்டயும் கேட்டாவ! நான் விடல்ல. உங்களைப் பத்தி எல்லாம் சொன்னேன். பெங்களூர்ல பெரிய ஆளா இருந்ததையும் சொன்னேன். ஸீரோ போடச் சொன்னது யாருன்னு கேட்டாவ. எங்க சார்தான்னு அடிச்சுச் சொல்லிட்டேன். உங்களுக்கொரு நல்ல பேரு கெடைக்கட்டும்னுதான்!"

"நல்ல பேரா?" என்றான் வைகுண்டராஜன். "நீ மனுசன்தானால?"

"நம்மளால முடிஞ்சதுல்லா சார்" என்றான் மரியஜான், அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு.

இர்ஷாதா போனாள். அவள் சீக்கிரம் வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது. ஓடிவிடலாமா என்று வைகுண்டராஜன் வாசலைப் பார்த்தான். வெளியே இறக்கைகள் சுழன்றன. ஓடினால் செருப்புக்கடை மாடி. பை சார்ட் எப்போது போட வேண்டும்? வட்டமாக வேண்டும் என்று கேட்டால். ஆயுசு முழுக்க. வேண்டாம். தன்னுடைய டாஷ்போர்டு தங்கம். இந்தப் பிள்ளைகள் உளறியதை ஊதித் தள்ளிவிடலாம். 'சரியாகப் புரிந்துகொள்ளாத மாணவர்கள், மேடம்.' ஒரு இடைவெளி. இரக்கச் சிரிப்பு.

இர்ஷாதா வந்து உட்கார்ந்தாள். "இருக்கச் சொல்லியிருக்காவ" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

அலுவலகப் பையன் கதவைத் திறந்து தாளைப் பார்த்தான். "அடுத்தது... வைகுண்டராஜன்! ஆரு வைகுண்டராஜன்?"

சுதன் வாயைத் திறந்தான், மூடினான். வைகுண்டராஜன் எழுந்தான். கோட்டுக்குள்ளிருந்து ஃபைல் வெளியே வந்தது.

முதலில் தேறியது மரியஜான்தான். "பயப்படாதீங்க சார்" என்றான் மனசார. "எல்லாம் நீங்க சொல்லித் தந்த கேள்விதான்."

"சார்," என்றாள் இர்ஷாதா. "மறந்திராதீங்க. காலிக் கட்டத்துக்கு ஸீரோ."

*

மேனேஜர் கிளாராவுக்கு நாற்பது வயதிருக்கும். அவள் முதுகுக்குப் பின்னால் பெரிய ஜன்னல். ஜன்னல் நிறையக் காற்றாலைகள்.

வைகுண்டராஜன் பிரமாதமாகப் பேசினான். யாருக்காக இந்த டாஷ்போர்டு, எந்த முடிவெடுக்க இது உதவும், ஏன் இந்த வரைபடம், ஏன் அது இல்லை. ஆடிக்கு வந்ததும் சரியான இடத்தில் நிறுத்தினான். "பலரும் இந்த இடத்தில் பூஜ்யம் போடுவார்கள், மேடம்." இடைவெளி. சிரிப்பு. "நான் அதைச் செய்வதில்லை."

கிளாரா தலையசைத்தாள். "நல்லா இருக்கு. இன்னிக்கு வந்ததுல செய்நேர்த்தி இதுலதான் அதிகம்."

அவன் நெஞ்சு நிமிர்ந்தது.

கிளாரா தன் மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள். பச்சைப் பட்டைகள். ஆடியில் பள்ளம். மூலையில் கோட்டு, கட்டிய கை, புன்சிரிப்பு. எதிரே அதே கோட்டு. கை மட்டும் கட்டவில்லை.

"அந்தக் கட்டங்களைக் காலியா விட்டதே நாங்கதான். வர்ற ஆள் என்ன செய்யுதாருன்னு பாக்கதுக்கு" என்றாள். "ரெண்டு பேரு ஸீரோ போட்டுட்டு வந்தாங்க. ரெண்டுலயும் நீங்க நிக்கியளே. அந்த இர்ஷாதா மட்டும் ஸீரோவை எடுத்துட்டா. உங்க படத்தையும் எடுத்துட்டா. அவ வர்ணம் கொஞ்சம் கண்ணைக் குத்துது, அதைச் சொல்லிக் குடுத்துக்கிடலாம்."

"மேடம், அது வந்து, மாணவர்கள் சரியாப் புரிஞ்சுக்கிடாம..."

"ரெண்டு பேருமேயா?" கிளாரா முன்னால் சாய்ந்தாள். "எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தப் பிள்ளையளுக்கு ஸீரோ போடச் சொன்னது, தெரியாமச் சொன்னதா, தெரிஞ்சே சொன்னதா?"

தெரியாமல் என்றால் தப்பிக்க ஒரு சந்து உண்டு. அன்றைக்குக் கவனிக்கவில்லை மேடம், அப்புறம்தான் எனக்கே புரிந்தது, சொல்லித் திருத்த நேரமில்லை. கொஞ்சம் அசடு வழிந்தால் போதும். கிளாராவின் முகத்தைப் பார்த்தால் அதை நம்பத் தயாராக இருப்பதுபோலக்கூடத் தெரிந்தது.

ஆனால் அசடு வழிவது என்றால் மரியஜான் மாதிரி நிற்பது. செருப்புக்கடை மாடியில் கண்ணை மூடி ஒப்பிக்கும் அந்தக் கூட்டத்தில் தானும் ஒருத்தன் என்று, இந்தக் காற்றாலைக்காரி முன்னால், தன் வாயாலேயே சொல்வது.

வைகுண்டராஜன் கண்ணாடியைக் கழற்றினான். நிதானமாகத் துடைத்தான்.

"எனக்குத் தெரியாம எப்படி மேடம்?" என்றான். "ஃபைலைத் திறந்த உடனே தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

கிளாரா கணினியை மூடினாள். கோபப்படவில்லை. "சரி. நீங்க போலாம். போகையில அந்தப் பிள்ளையை உள்ள வரச் சொல்லிருங்க."

கதவைத் திறந்து ஹாலில் நின்றான். கண்ணாடி இன்னும் கையில்தான் இருந்தது. எதிரே மூன்று கலங்கல் உருவங்கள்.

"இர்ஷாதா. உன்னைக் கூப்பிடுகாவ."

ஷாலைச் சரிசெய்துகொண்டு அவள் எழுந்து வந்தாள். அவனைக் கடக்கும்போது ஒரு விநாடி நின்று, முழுசாக, தெளிவாகப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போனாள்.

மரியஜான் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். ஆவல் தாங்கவில்லை.

"சார், உங்ககிட்டயும் படத்துல இருக்கது யாருன்னுதான் கேட்டாவளா?"