தாத்தா விழுந்த மரம்

என் அண்ணன் பாசில் பொய்ச்சத்தியம் செய்யப் போகிறான் என்பது எனக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். தடுத்தேனா? இல்லை. கூட உட்காரவும் சம்மதித்தேன். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். வீட்டுக்குள் கடல் வந்தால் பதினொன்றாவதும் பறந்துவிடும்.

கரை முனையில் இருந்த எங்கள் ஊரைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் சேம்புத் தோட்டம், அப்புறம் மாதா கோயில், கடைசியில் எங்கள் அடுப்பு. போக்கிடம் இல்லாமல் மேட்டுக்கு ஏறி, அங்கே நிற்கும், பாதாம்போல் கொட்டை தரும் பெரிய ஙாலி மரத்தடியில் நான்கு குடிசை போட்டோம். மேடு ஹௌராசி குடும்பத்துடையது. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு, "எங்க பிள்ளைங்களுக்கும் தோட்டம் வேணும், எறங்கிக்கங்க" என்றார்கள். எங்கே இறங்குவது, தண்ணீருக்குள்ளா?

அப்போதுதான் பாசிலுக்கு அந்த யோசனை வந்தது. ஙாலி மரத்தில் ஏறியவன் விழுந்து செத்தால், அந்த மரமும் அது நிற்கிற மண்ணும் அவன் வம்சத்துக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் அந்த வம்சத்தார் அந்த மரத்துக் கொட்டையை வாயில் வைக்கக் கூடாது. வைத்தால் சொந்த ரத்தத்தைத் தின்றதாகிவிடும்.

"தாத்தா ஙாலியில ஏறி விழுந்துதானே செத்தாரு?" என்றான் பாசில்.

"விழுந்தாரு. இந்த மரத்துல இல்ல. முனையில நின்னுச்சே, அதுல."

"அந்த மரத்துக்கு யாரு சாட்சி, கடல் மீனுங்களா? நீ வாயை மூடிக்கிட்டு இரு ஹில்டா. பஞ்சாயத்துல வைக்கிற கொட்டையத் தொடாம உக்காந்திரு, அது போதும்."

என் வாய் மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் என் மூன்று பெண்களும் அந்தக் குடிசையில்தான் தூங்குகிறார்கள். மூடிக்கொண்டேன்.

முனை மரம் சாய்ந்தபோது அப்பா உயிரோடு இருந்தார். அதில் ஒரு படகு குடைந்தார். மரத்தடியில் இருந்த தாத்தாவின் குழியும் அந்த வருஷமே தண்ணீருக்கடியில் போய்விட்டது. அதன் பிறகு ஒவ்வொரு கொட்டைக் காலத்திலும் அப்பா அந்த இடத்துக்கு மேலே படகை நிறுத்தி, ஙாலிப் பிசினைச் சாம்பிராணிபோலக் கொஞ்சம் கொளுத்தி வைத்து, தாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அப்பா போன பிறகு நான் இரண்டு தடவை போனேன். பாசில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

பஞ்சாயத்து காலையில், அந்த மரத்தடியிலேயே நடந்தது. மூன்று ஊர்ப் பெரியவர்கள் வந்திருந்தார்கள். அந்த மரத்துக் கொட்டையை உடைத்து, சேம்போடு இடித்து, மூங்கிலில் வேகவைத்து இரண்டு பக்கத்துக்கும் இலையில் வைத்தார்கள். ஹௌராசி குடும்பம் சாப்பிட்டது. எங்கள் இலையில் ஈ மொய்த்தது.

பாசில் எழுந்து, மரத்தடியில் பலகைபோல் நிற்கும் ஒரு வேரின் மேல் கையை வைத்தான். "இந்த வேர்லதான் எங்க தாத்தா தலை மோதுச்சு. இங்கதான் பொதைச்சோம்" என்றான். குரலில் நடுக்கமே இல்லை.

மூத்த பெரியவர் எதிர்ப்பக்கம் பார்த்துக் கேட்டார். "இவங்க வம்சத்துல யாராச்சும் இந்தக் கொட்டையத் தின்னதை உங்கள்ல பாத்தவங்க உண்டா?"

எதிரே ஈத்தல் உட்கார்ந்திருந்தாள். ஹௌராசி வீட்டுப் பெண். சின்ன வயதில் அவளும் நானும் இதே மரத்தடியில் பழம் பொறுக்கி, கறுப்புத் தோலைச் சுரண்டிப் போட்டு, குழி விழுந்த ஒரு கல்லில் வைத்துக் கொட்டை உடைத்துத் தின்போம். அந்தக் கல் இன்னும் அங்கேயே கிடந்தது. ஈத்தல் கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் கதை முடிந்தது.

"நான் பாக்கல" என்றாள்.

பாவி, தன் பிள்ளைகளின் தோட்டத்தை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அங்கே தண்ணீருக்கடியில் கிடக்கிற கிழவனையும் நினைத்தேன். அவர் எலும்பு அங்கே இல்லை என்று பேரப்பிள்ளைகளே சத்தியம் செய்துவிட்டால் அப்புறம் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

இலையை இழுத்து ஒரு கை அள்ளி வாயில் போட்டேன்.

"ஹில்டா, துப்பு" என்றான் பாசில், மெதுவாக.

மென்று விழுங்கினேன். "எங்க தாத்தா முனையில கெடக்காரு. இந்த மரம் எங்களுது இல்ல" என்றேன். பெரியவர்கள் அதன் பிறகு யாரையும் எதுவும் கேட்கவில்லை. மேட்டைக் காலி செய்ய ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள்.

ஆற்றின் மேல்கரையில் அம்மா வழிச் சொந்தம் ஒன்று இடம் தருவதாகச் சொன்னது. செங்குத்தான சரிவு, சேம்பு பிடிக்குமா என்பதே சந்தேகம். அந்த ஒரு மாதமும் பாசில் என்னோடு பேசவில்லை. அவன் மனைவி பேசினாள். வீட்டைக் கெடுத்தவள் என்றாள், உத்தமி வேஷம் என்றாள். என் பெண்களும் தலைமேல் பாயைச் சுமந்துகொண்டுதான் நின்றார்கள்.

கடைசி நாள் கம்பங்களைப் பிடுங்கி அடுக்கிய பிறகு, பாசில் அந்தக் கல்லருகே குந்தினான். இரண்டு கொட்டை உடைத்து ஒன்றை என்னிடம் நீட்டினான்.

"நானும் தின்னிருக்கேன். நீயும் ஈத்தலும் போன பெறகு வந்து, மிச்சத்தைப் பொறுக்கி."

"தெரியும்" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

வேரில் வடிந்திருந்த பிசினைக் கத்தியால் பெயர்த்து எடுத்துக்கொண்டு, அப்பாவின் படகைத் தள்ளினான். முனைக்கு மேலே வந்ததும் நான்தான் இடத்தைக் காட்டினேன். சிரட்டையில் பிசினை வைத்துக் கொளுத்தினான். தாத்தாவின் பெயரை நான் சொன்னேன். அவன் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டான்.

"தாத்தா, எடத்தை மாத்திச் சொல்லிட்டேன்" என்றான்.