பூஜை போடாத வண்டி

பரமேஸ்வரனின் டிக்டாக் காணொளி நாற்பத்தெட்டு விநாடிதான். புதுக் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். ஸ்பீக்கரில் பாட்டுக்குப் பின்னால் கொசு ரீங்காரம்போல ஒரு சத்தம் எழுகிறது. மிதிக்க மிதிக்க அதுவும் ஏறுகிறது. "கேட்டீங்களா? கிள்ளான்ல தாமரைன்னு ஒரு வயரிங் அம்மா செஞ்ச வேல. பொம்பள கையில வண்டியக் குடுத்தா இதான் லா," என்று முடிக்கிறார்.

நான்கு நாளில் முப்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். தாமரைதான் வேண்டும் என்று கேட்டு நாள் குறித்திருந்த மூன்று பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். பதினாறு வருடமாகக் கார்களுக்கு ஆடியோ வயரிங் செய்கிறாள் அவள். அவள் வேலை செய்யும் கடை ஹாசிமுடையது. காணொளியில் கடையின் பெயர் இல்லை, அவள் பெயர் மட்டும் இருந்தது.

சனிக்கிழமை காலை பரமேஸ்வரன் தன் ஊரான ரவாங்கிலிருந்து அதே காரில் வந்து இறங்கினார். அங்கே ஆறு லோரி வைத்து ஓட்டும் முதலாளி அவர்.

"பாய், வேற ஆளு இல்லயா?"

"அவங்களே பாக்கட்டும்ணே. சின்ன மிஸ்டேக்காத்தான் இருக்கும்," என்றார் ஹாசிம்.

தாமரை கையுறையை மாட்டிக்கொண்டே வந்தாள். "யாரு மிஸ்டேக்னு பாத்துருவோம் பாஸ். அண்ணே, எங்கயும் போயிடாதீங்க. பக்கத்துலயே நின்னு பாருங்க."

"எனக்கு இதுல என்னா தெரியும்?"

"டிக்டாக்ல பேசத் தெரிஞ்சுச்சுல்ல?"

என்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டைப் போட்டாள். ரீங்காரம் இல்லை. என்ஜினை ஓடவிட்டாள். வந்தது.

"பாட்டுல கோளாறு இல்ல, ஸ்பீக்கர்லயும் இல்ல. என்ஜின் ஓடுறப்ப ஆல்டர்னேட்டர் கரண்ட் குடுக்குது. அதோட சத்தம் எந்த வழியா உள்ள வருதுன்னு கண்டுபிடிக்கணும்."

டேஷ்போர்டில் சிறு முருகன் சிலைக்கு நீல விளக்கு எரிந்தது. அதன் சார்ஜரைப் பிடுங்கினாள்.

"ஏய், சாமி லைட்ட எதுக்குப் புடுங்குறே?"

"மலிவு சார்ஜர்னாலயும் இப்படிக் கத்தும்ணே."

ரீங்காரம் அப்படியே இருந்தது. "முருகன் மேல குத்தம் இல்ல," என்று சார்ஜரைத் திரும்பச் செருகினாள்.

அடுத்து பின் இருக்கையைக் கழற்றித் தரையில் வைத்தாள். அதன் பின்னால்தான் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இருந்தது. பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து ஒரு நீள வயரை இழுத்துவந்து, ஆம்பின் எர்த் முனையில் தொட்டுப் பிடித்தாள். ரீங்காரம் அந்தக் கணமே அறுந்தது. வயரை எடுத்தாள், திரும்ப வந்தது.

"கேளுங்கண்ணே. இருக்கு. இப்ப இல்ல. இருக்கு. இல்ல."

"அதுக்கு என்னா அர்த்தம்?"

"ஆம்புக்கு எர்த் சரியாப் புடிக்கலன்னு அர்த்தம். இங்க பாருங்க." டார்ச்சை அடித்தாள். எர்த் வயர் ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது. அதன் அடியில் முத்து வெள்ளைப் பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் மின்னியது. "பெயின்ட் மேல எர்த் புடிக்காது. சொரண்டிட்டு வெறும் இரும்புல வைக்கணும்."

"அப்ப ஏன் சொரண்டல? உன் மிஸ்டேக்தானே!" பரமேஸ்வரனின் குரல் தெருவரை கேட்டது.

தாமரை டார்ச்சை அணைத்து நிமிர்ந்தாள். "ஷோரூம்லேருந்து நேரா இங்கதானே ஓட்டிட்டு வந்தீங்க? போன வாரம் வெள்ளிக்கெழம கோயில்ல பூஜை, அதுக்குள்ள ரேடியோ பாடணும்னு நின்னது யாரு? பூஜை போடாத வண்டி, ஒரு கீறல் விழக்கூடாது, சகுனம் சரியில்லன்னு சொன்னது யாரு? இப்போதைக்கு போல்ட்டுல மாட்டுறேன், சத்தம் வரும், பூஜை முடிஞ்சதும் கொண்டாங்க, பத்து நிமிஷ வேலன்னு நான் சொன்னேனா இல்லயா?"

பரமேஸ்வரன் ஹாசிமைப் பார்த்தார். ஹாசிம் தன் டீ கிளாஸைப் பார்த்தார்.

"நீங்களும் கூடத்தான் நின்னீங்க பாஸ்."

"சொன்னாங்கண்ணே," என்றார் ஹாசிம், டீயிடம் சொல்வதுபோல.

"இத வீடியோ வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல பாஸ்?"

"கஸ்டமர் லா, தாமரை..."

"அப்ப நான் யாரு?"

அவள் குனிந்து, போல்ட்டின் அடியில் ஐம்பது சென் காசு அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டினாள். இரும்பு தெரிந்ததும் துடைத்து, வயரை வைத்து முறுக்கி, துருப்பிடிக்காமல் இருக்க மேலே கிரீஸ் தடவினாள். என்ஜின் ஓடியது. பாட்டு மட்டும் கேட்டது.

பரமேஸ்வரன் போனை எடுத்தார். "சரி விடு. வீடியோவ டிலீட் பண்ணிடுறேன்."

"பாத்த முப்பதாயிரம் பேருக்கு யாரு சொல்றது?"

அவர் முனகிக்கொண்டே புது வீடியோ எடுத்தார். "வணக்கம் நண்பர்களே. நம்ம வண்டி சரியாயிருச்சு. கடைக்காரங்களுக்கு நன்றி."

"என் பேரு?"

"அது எதுக்கு?"

"திட்டுறப்ப வாயில வந்துச்சுல்ல?"

இரண்டாம் முறை எடுத்தார். "தாமரை அக்கா சரி பண்ணிட்டாங்க. சின்ன மிஸ்டேக்தான்."

"யாரு மிஸ்டேக்?"

"பெரிய ரோதனையாப் போச்சு! எனக்கு லேட்டாவுது, சீட்ட மாட்டு!"

தாமரை தரையில் கிடந்த பின் இருக்கையில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள். "மாட்டுறேன்ணே. நீங்க பேசி முடிங்க."

"தாமரை..." என்றார் ஹாசிம். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

பரமேஸ்வரன் கொஞ்ச நேரம் கடை வாசலில் நடந்தார். பிறகு மூன்றாம் முறையாகப் போனை முகத்துக்கு நேரே பிடித்தார். "பூஜை போடாத வண்டி, கீறக்கூடாதுன்னு நான்தான்..." என்று தொடங்கினார். மீதியை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்.

"சத்தம் பத்தலண்ணே," என்றாள் தாமரை. "மொத வீடியோவுல நல்லாத்தானே கத்துனீங்க."