கீழ்வீட்டுச் சத்தம்

அச்சகத்தில் பிழை திருத்திய காலம் முழுக்க அவளுக்கு ஒற்றக்கா என்றுதான் பெயர். வல்லெழுத்து மிகும் இடத்தில் ஒரு ‘க்’ விட்டுப்போனால் போதும், சிவப்புப் பேனாவோடு பாய்ந்துவிடுவாள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையை விட்டாலும் விடுவாள், ஒற்றை விடமாட்டாள் என்று கூட வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்களுக்கு மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை என்று இரட்டைக் கண்ணாடி வந்து சேர்ந்தது. படிப்பதற்கு வாகாக இருந்த அதே கண்ணாடிதான் படிக்கட்டில் காலை வாரியது. குனிந்து பார்த்தபோது கடைசிப் படியும் தரையும் ஒன்றாய்க் கலங்கின. தரைதான் என்று நம்பிக் காலை வைத்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது.

எலும்பு கூடியது. கூடவே பயமும் கூடிவிட்டது.

அண்ணன் மகள் வெளியூரிலிருந்து போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “அத்தை, நீங்க கீழ இறங்கவே வேண்டாம். என்ன வேணுமோ எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, மாடி வாசலுக்கே வந்துடும்.”

சொன்னபடியே எல்லாம் வந்தது. அரிசி வந்தது, சோப்பு வந்தது, மாத்திரை வந்தது. கொண்டு வந்தவர்கள் பையை வாசலில் வைத்துவிட்டு, மணியை அழுத்திவிட்டு, அவள் கதவைத் திறப்பதற்குள் பாதிப் படி இறங்கியிருப்பார்கள். நாள் முழுக்கக் கட்டில், நாற்காலி, குளியலறை. நடக்காத கால்கள் மெல்ல மெல்லச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. முன்பு துள்ளி எழுந்தவள், இப்போது நாற்காலியின் இரு கைகளையும் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். சில நாள் சாயங்காலம் யோசித்துப் பார்த்தால் காலையிலிருந்து வாயைத் திறந்து ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பது தெரியும்.

அவளுக்குப் பேச்சுத் துணை போல இருந்தது கீழ்வீட்டுச் சத்தம்தான். கீழ்வீட்டுப் பெரியவர் அவள் விழுந்த பிறகு குடிவந்தவர். அதனால் முகம் தெரியாது. காலையில் ஒரு இருமல், பிறகு கைத்தடி டக் டக்கென்று சமையலறைக்குப் போகும், திரும்பி வரும். நாற்காலி இழுபடும். அப்புறம் ரேடியோ. காது மந்தம் போலிருக்கிறது, தெருவுக்கே கேட்கும்படி வைப்பார். அவளுக்கு அது தொந்தரவாக இல்லை. “இன்னைக்கு ரொம்ப நேரம் தூங்கிட்டீங்களே” என்று தரையைப் பார்த்து ஒருமுறை சொல்லிவிட்டு, தன்னையே நினைத்து வெட்கப்பட்டாள்.

ஒருநாள் முற்பகலில் கீழ்வீட்டு மணி அடித்தது. நாற்காலி வழக்கத்தைவிட வேகமாய் நகர்ந்தது. உடனே மூட்டையை இறக்கிப் போட்டது போல ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. மணி இன்னொரு தடவை அடித்தது. வந்தவர் யாரோ, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கைத்தடிச் சத்தம் வரவில்லை.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “ஏங்க, ஏதாவது விழுந்துச்சா?” என்று கத்தினாள். பதில் இல்லை. வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. ஜன்னல் வழியாக எதிரே இருந்த தையல்கடையைக் கூப்பிட்டாள். அங்கே மிஷின்கள் ஓடும் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். ஆனால் என்னவென்று சொல்வது? கீழே ஒரு சத்தம் கேட்டது என்றா? அவர் ஒரு பெட்டியைக் கை தவறிப் போட்டிருந்தால்?

மனசு கேட்கவில்லை. போனைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். படிக்கட்டின் தலையில் வந்து நின்றாள். கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு கைப்பிடியைப் பற்றி மெதுவாக உட்கார்ந்தாள். நடக்கத் தெரியாத குழந்தை இறங்குவது போல, ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கினாள். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று பாதி வழியில் தோன்றியது. பார்க்க யார் இருக்கிறார்கள் என்றும் தோன்றியது.

கீழே வந்தபின் எழுவதுதான் பெரும்பாடு. மண்டியிட்டுத் திரும்பி, கம்பியைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, ஒருவழியாக நிமிர்ந்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ் போடவில்லை.

நாற்காலிக்கும் வாசலுக்கும் நடுவே அவர் ஒருக்களித்துக் கிடந்தார். மெலிந்த உடம்பு. இடது பாதம் இயல்பில்லாமல் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. குதிகால் தேய்ந்த செருப்பு ஒன்று தள்ளிக் கிடந்தது. கண் மட்டும் அவளைப் பார்த்தது.

“யாரு?”

“மாடி வீடு.”

“மாடி வீட்டம்மாவா?” என்றவர் வலியிலும் கூசிப்போனார். “முதல்ல அந்தச் சட்டையை எடுத்து மேல போடுங்கம்மா. இப்படியா பார்க்கணும்.”

சட்டையை எடுத்து அவர் மார்பின் மேல் போர்த்தினாள். ரேடியோவை அணைத்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். தரையில் உட்கார்ந்தால் தன்னையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டியிருக்கும்.

“அசையாதீங்க. வந்துடுவாங்க.”

“மணி அடிச்சுது. சட்டுனு எழுந்தேன். கண்ணு இருட்டிக்கிச்சு” என்றார் அவர். “காலையில பிரஷர் மாத்திரை போட்டேனா இல்லையான்னு சந்தேகம். எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொண்ணு போட்டுக்கிட்டேன்.”

“இதுக்கு முன்னாடி விழுந்திருக்கீங்களா?”

அவர் சுவரைப் பார்த்தார். “குளிக்கிற எடத்துல ஒருதரம். அப்புறம் வாசல்ல. பொண்ணுகிட்ட மூச்சு விடல. தெரிஞ்சா கூட்டிக்கிட்டுப் போயிடுவா. அந்த வீட்ல எனக்குன்னு என்ன இருக்கு?”

“சத்தம் போட்டிருக்கலாமே. நான் மேல இருந்து கத்தினேன்.”

“உங்க குரல் கேட்கலம்மா. நானும் கத்தலாம்னுதான் பார்த்தேன். யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல. பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தராவது வேணுமில்ல?”

என் பேர் இதுதான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது.

வந்தவர்கள் கைதேர்ந்தவர்கள். காலுக்கு அணை கொடுத்து, அலுங்காமல் படுக்கையில் ஏற்றினார்கள். அவர்களில் ஒருவர் அவளிடம் கேட்டார். “நீங்க வீட்டம்மாவா?”

“மாடி வீடு.”

“அதில்லம்மா, அவருக்கு என்ன உறவு?”

“மாடி வீடுதான்.”

இடுப்பு எலும்பு முறிவு. அறுவை சிகிச்சை முடிந்ததும் ஒரு வாடகை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆறு கட்டில்கள் கிடந்த வார்டில் மருந்து மயக்கத்தில் அவர் பாதிக் கண் திறந்திருந்தார். அருகில் போய் நின்றாள். “நர்ஸம்மா, என் பொண்ணு வந்துட்டாளா?” என்றார்.

ஒரே ஒரு தடவை பார்த்த முகம். அதுவும் வலியில் பார்த்தது. எப்படி நினைவிருக்கும்? “வந்துக்கிட்டே இருக்காங்க” என்று சொல்லி, போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

மகள் வந்தாள், வீட்டைக் காலி செய்தாள், அப்பாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போனாள். போகும்முன் மாடியேறி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், போன் நம்பர் வாங்கிக்கொண்டாள். அதோடு கீழ்வீடு ஊமையாயிற்று. காலையில் ஒற்றக்கா இருமலுக்காகக் காத்திருந்து, இல்லை என்று உறைத்த பிறகுதான் எழுந்தாள்.

அண்ணன் மகள் விஷயம் தெரிந்து கொதித்தாள். “நீங்களும் விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும் அத்தை?”

“விழலையேம்மா. இனிமே நான் இறங்கத்தான் போறேன்.”

கண் மருத்துவரிடம் போய், நடக்கும்போது போட்டுக்கொள்ள ஒற்றைப் பார்வைக் கண்ணாடி வாங்கினாள். அடியில் பிடிப்புள்ள செருப்பு வாங்கினாள். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னாள். முதல் நாள் ஒருதரம்கூட முடியவில்லை. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பழகினாள். நிற்கும்போது பேச்சுக் கொடுக்க யாருமில்லை. சுவர்தான் எதிரே.

ஒரு மதியம் கீழ்வீட்டுப் பெரியவரின் மகள் போன் செய்து அப்பாவிடம் கொடுத்தாள்.

“மாடி வீட்டம்மாவா? எப்படி இருக்கீங்க?”

“இருக்கேன். நீங்க நடக்கறீங்களா?”

“எங்க நடக்க விடறாங்க? மறுபடி விழுந்துடுவேனாம். ரூம்லயே எல்லாம் வந்துடுது.”

“அப்படி இருக்காதீங்க. பொண்ணு கையைப் புடிச்சுக்கிட்டாவது கொஞ்சம் நடங்க. உட்கார்ந்தே இருந்து பார்த்தவ சொல்றேன்.”

அவர் ம் என்றார். “சரி, வச்சிடட்டுமா?” என்று கேட்டு அவரே வைத்துவிட்டார்.

அவள் போனைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பிறகு கண்ணாடியை மாற்றி, செருப்பை மாட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இறங்கினாள். தெருமுனை மரத்தடியில் நின்று மூச்சு வாங்கினாள். வந்த வழியே திரும்பினால் சீக்கிரம் வீடு வந்துவிடும். அவள் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.