வெள்ளிதோறும் அழிந்தது

உடலைச் சுமந்த சந்தூக்குப் பெட்டி மூன்றாம் மாடிப் படி வளைவில் சிக்கிக்கொண்டது. "சாய்ங்க, இன்னும் கொஞ்சம் சாய்ங்க" என்று ஆண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். தகப்பனின் கால்மாட்டைத் தோளில் தாங்கியிருந்த கஸ்ஸானுக்கு அப்போதுதான் அது நினைவு வந்தது. கதவோரம் நின்ற ஸிஹாமைத் திரும்பிப் பார்த்தான்.

"அத்தை, வாப்பாவோட கம்ப்யூட்டரை யாரும் தொட வேணாம். மண்ணு போட்டுட்டு வந்து பாக்குறேன். அழிஞ்சதைக்கூடத் தோண்டி எடுத்துடலாம், நம்ம வேலையே அதானே."

ஸிஹாமின் பார்வை அண்ணன் அறைக் கதவுக்குப் போனது. அண்ணன் நாயிஃபின் உடல் இன்னும் படிகூட இறங்கவில்லை, இவளுக்கு இந்தக் கவலை. தன்னையே திட்டிக்கொண்டாள். வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஆகாமல், மனைவியை இழந்த அண்ணனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு இர்பித் நகரத்து இந்த வீட்டிலேயே இருந்துவிட்டவள். ஏழு வருடமாக, அண்ணன் மதியம் கண்ணயரும் நேரத்தில், தூரத்து அகபா நகரத்தில் இருக்கும் ஒரு மனிதருக்கு அந்தக் கம்ப்யூட்டரில் கடிதம் எழுதிவந்தாள். அவர் அனுப்பிய படங்களை இறக்கிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டுவிடுவாள். அத்தோடு ஒழிந்தது என்று நம்பியிருந்தாள். மூன்று வருடமாக அவரிடமிருந்து பதில் இல்லை. ஆனாலும் இவள் நிறுத்தவில்லை.

அடக்கம் செய்யப் பெண்கள் கபுருக்குப் போவதில்லை. ஆண்கள் திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். அண்ணனின் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

"விடுங்க, தனியா அழட்டும் பாவம்" என்று பக்கத்து வீட்டு உம் ஸுஹைர் வெளியே சொல்வது கேட்டது.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவளுடையது ஒன்றுமே இல்லை. இணையத்தில் அவள் போன இடங்கள் எதுவும் பட்டியலில் இல்லை. குப்பை காலி. திரை மூலையில், அவள் இதுவரை கவனிக்காத ஒரு துடைப்பப் படம் இருந்தது. அதைத் தட்டினாள்.

தேதிகள் வந்தன. நூற்றுக்கணக்கில். எல்லாமே வெள்ளிக்கிழமை, எல்லாமே காலை ஒன்பதரை, அவள் ரொட்டி வாங்கப் போகிற நேரம். ஒவ்வொரு தேதிக்கும் நேரே, நிரந்தரமாக அழிக்கப்பட்டவை. அத்தனையும் அவளுடைய தடங்கள். அண்ணனின் செய்தித்தாள், சதுரங்கம், சர்க்கரை நோய்க்கான கைவைத்தியம் எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன.

கடைசித் தேதி முந்தாநாள். அன்று அண்ணனால் நிற்கக்கூட முடியவில்லை. கைத்தாங்கலாக இந்த நாற்காலியில் உட்காரவைக்கச் சொன்னார். "நீ போய் ரொட்டி வாங்கிட்டு வா. அவசரமில்ல, மெதுவா வா" என்றார்.

முகம் முதலில் வெட்கத்தில் எரிந்தது. படித்திருப்பாரோ? பிறகுதான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. லீவுக்கு வரும் மகன் எதையும் நோண்டாமல் விடமாட்டான் என்று அவருக்குத் தெரியும். ஏழு வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். உப்பு போதுமா, மருந்து போட்டாச்சா, அவ்வளவுதான் பேச்சு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள்.

தெருவில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் கஸ்ஸான் விடமாட்டான், துருவிவிடுவான். அவள் முதல் தேதிவரை மேலே போனாள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே கீழே வந்தாள். பாதிகூட முடியவில்லை. படியில் செருப்புச் சத்தம்.

'பட்டியலையும் நிரந்தரமாக அழிக்கவா? இனி மீட்க முடியாது' என்று திரை கேட்டது. அழுத்தினாள். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, துக்க வீட்டுக்கான சர்க்கரை போடாத காப்பியோடு கூடத்துக்கு வந்தாள். உம் ஸுஹைர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா, ஸிஹாம்?"

"இல்ல" என்றாள். "ஒண்ணுமே சொல்லல."

உம் ஸுஹைரின் கிண்ணத்தில் காப்பியை ஊற்றிவிட்டு, அடுத்தவளிடம் போனாள்.